முத்தரசு பார்த்த பம்பு ரூம் வேலை

முத்தரசு திருடன் இல்லை. குடிகாரனும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாத பழியை ஒருவன் தலையில் கட்டக் கூடாது. அவன் சோம்பேறி, அவ்வளவுதான். அந்தச் சோம்பேறித்தனத்தைக் காப்பாற்ற அவன் பட்ட பாட்டில் பாதியை வேலையில் பட்டிருந்தால், இந்நேரம் பள்ளத்தூரில் மாடி வீடு கட்டியிருப்பான்.

அவன் அப்பன் முத்துராமனுக்கு மூன்று ஏக்கர் நிலம் இருந்தது. மகன் கைக்கு வந்ததும் அது கருவேலங்காடு ஆனது. திருப்பூருக்குப் போனான், பனியன் தூசி ஆகவில்லை என்று நாற்பதாம் நாள் திரும்பினான். காரைக்குடியில் சரக்கு வண்டி ஓட்டினான். உட்கார்ந்தே இருப்பது முதுகுக்கு ஆகவில்லை. கடைசியில், ஊரே ஆச்சி என்று கூப்பிடும் பெத்தாச்சி தன் பெரிய வீட்டை ஓட்டலாக்கி, பின்னால் நீச்சல்குளம் வெட்டியபோது அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கு வாய்த்தது. உடனே கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கினான். கேட்டவர்களிடம் பூல் இன்ஜினீயர் என்றான்.

இன்ஜினீயருக்கு என்ன வேலை? குளத்துத் தண்ணீரைப் பம்பு இழுத்து, மணல் நிரப்பிய ஒரு பெரிய தொட்டிக்குள் தள்ளும். அழுக்கை மணல் பிடித்துக்கொள்ளும். தெளிந்த தண்ணீர் குளத்துக்குத் திரும்பும். மணல் அடைத்துக்கொண்டால் தொட்டி மேலிருக்கும் மீட்டரில் முள் ஏறும். ஏறினால் பம்பை நிறுத்தி, கைப்பிடியைத் திருப்பி, தண்ணீரைக் கீழிருந்து மேலாக விட்டு மணலை அலச வேண்டும். அழுக்கெல்லாம் கொல்லையில் உள்ள குழிக்குப் போகும். பேக்வாஷ் என்பார்கள். அரிசி களையத் தெரிந்த எவளும் செய்வாள். அதற்கு இவன் பம்பு ரூமைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான்.

போன சித்திரையில் ஒரு மணிவிழாக் கூட்டம் வந்து தங்கியது. சனிக்கிழமை ஆண்கள் எல்லாரும் தலை வழிய நல்லெண்ணெய் தேய்த்து ஊறி, பேருக்குச் சீயக்காய் போட்டுக்கொண்டு அப்படியே குளத்தில் இறங்கிவிட்டார்கள். எல்லாரும் பெரிய படிப்புப் படித்தவர்கள். எண்ணெயும் சீயக்காயும் மணலில் அப்பிக்கொண்டன, முள் ஏறியது. ஒரு வாரம் தினமும் அலசியிருந்தால் வழிக்கு வந்திருக்கும். முத்தரசு இரண்டு நாள் அலசினான். மூன்றாம் நாள் கைப்பிடியை வேறு பக்கம் திருப்பி வைத்தான். அந்தப் பக்கம் வைத்தால் தண்ணீர் மணலைத் தொடாமலே சுற்றிக்கொண்டு குளத்துக்குப் போய்விடும். மணலுக்குள் போகாத தண்ணீருக்கு முள் எதற்கு ஏறப் போகிறது? முள் படுத்துக்கொண்டது. முத்தரசும் படுத்துக்கொண்டான்.

மூன்று வாரத்தில் குளம் கழுநீர்ப் பானை போல ஆகிவிட்டது. குளோரினை அள்ளி அள்ளிக் கொட்டினான். குளித்த வெள்ளைக்காரி ஒருத்தி கண் சிவந்து, அன்றைக்கே அறையைக் காலி செய்தாள். பெத்தாச்சி எல்லாரையும் கூப்பிட்டு விசாரித்தார். இவன் கொஞ்சமும் கூசாமல் புஷ்பவள்ளியைக் கைகாட்டினான். குளத்தைச் சுற்றிப் பெருக்கிக் கழுவுகிறவள் அவள். புருஷன் இல்லை. மகள் ரேணுகா தேவகோட்டையில் நர்சிங் படிப்பது இந்த வேலையை நம்பித்தான்.

"தரை கழுவுற சோப்புத் தண்ணியெல்லாம் இந்த அக்கா குளத்துக்குள்ள தள்ளிவிடுது ஆச்சி. நான் சனிக்கிழமை தவறாம பேக்வாஷ் போடுறேன். வந்து முள்ளைப் பாருங்க, எறங்கியே நிக்குது."

பெத்தாச்சி போய்ப் பார்த்தார். முள் இறங்கித்தான் இருந்தது.

"புஷ்பம், நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

அவள் அழவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

"சரிங்க ஆச்சி. போறப்ப என் கோழியை எடுத்துக்கிட்டுப் போறேன்."

"என்ன கோழி?"

"அடையில இருக்கு ஆச்சி. பத்தொன்பது நாளாச்சு. கொல்லையில அங்குட்டு, குழிக்குள்ள."

"எந்தக் குழிக்குள்ள?"

"தம்பி சனிக்கிழமை தவறாம அழுக்குத் தண்ணி விடுறாகல்ல, அந்தக் குழிதான்."

எழுபது வயதுப் பெத்தாச்சி எல்லாருக்கும் முன்னால் நடந்தார். குழிக்குள் சருகு மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. அதன் மேல் கோழி சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஏன் முத்தரசு, இது நீச்சல் படிச்ச கோழியா?"

"இல்லை ஆச்சி... போன சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் மேலுக்கு முடியலை..."

"பத்தொன்பது நாளைக்கு ஒரு சனிக்கிழமைதான் வந்துச்சாக்கும்?"

"இன்ஜினீயர் வீட்டுக் காலண்டர்ல அப்படித்தான் ஆச்சி" என்றார் சமையல்காரர் முத்தப்பன்.

"இப்ப விடு, என் கண்ணு முன்னால."

"செத்த இருங்க ஆச்சி" என்று புஷ்பவள்ளி குழிக்குள் இறங்கி, கோழியையும் பதினொரு முட்டையையும் கூடைக்கு மாற்றிக்கொண்டு ஏறினாள். அதன் பிறகுதான் முத்தரசு போய்க் கைப்பிடியைத் திருப்பினான். குழாய் இரண்டு முறை இருமியது. பிறகு பழுப்பாகக் கொட்டியது பாருங்கள், செக்கடியில் நிற்பது போல எண்ணெய்ச் சிக்கு வாடை. அரை மணி நேரம் விட்டும் தெளியவில்லை. தொட்டியைத் திறந்தால் மணல் எள்ளுருண்டை எள்ளுருண்டையாகத் திரண்டு கிடந்தது.

அவ்வளவையும் அவனே அள்ளினான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கை வரை பிசுபிசுப்போடு.

பெத்தாச்சி மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. "நாளைக்கு வழக்கம் போல வந்திரு புஷ்பம்" என்று மட்டும் சொன்னார்.

"வாரேன் ஆச்சி. ஆனா என்னைச் சொன்னது நாலு பேரு முன்னால. இல்லைன்னு சொல்றதும் அந்த நாலு பேரு முன்னாலயே நடக்கட்டும்."

பெத்தாச்சி முத்தரசைப் பார்த்தார். அவன் மணலைப் பார்த்தான்.

"தள்ளலை" என்றான்.

"யாரு தள்ளலை? எதைத் தள்ளலை?" என்றார் முத்தப்பன்.

"அக்கா சோப்புத் தண்ணி தள்ளலை. போதுமா?"

"போதும் தம்பி" என்று புஷ்பவள்ளி கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் வந்தாள். புது மணல் நிரப்பியதிலிருந்து கைப்பிடியும் அவள் பொறுப்புதான். குளத்தின் அடித்தரையில் கிடக்கிற வேப்பிலையை இன்றைக்கு மேலிருந்து எண்ணலாம்.

மணல் வேலை உடம்புக்கு ஆகவில்லை என்று முத்தரசு நின்றுவிட்டான். இப்போது தேவகோட்டையில் வீடு வீடாகப் போய்க் குடிதண்ணீர் பில்டர் மாட்டிக் கொடுக்கிறானாம். குடிக்கிறவர்கள் குடிக்கட்டும்.