முழங்கை இடி

புதன்கிழமை என்றாலே மசாயோவுக்குக் கால் கனக்கும். எழுபத்தாறு வயதில், கணவரைக் கிளப்பி, சாக்ஸ் மாட்டிவிட்டு, ஓபு ஊர்ச் சமுதாயக் கூடம் வரை நடத்திக் கூட்டிப்போவது லேசுப்பட்ட காரியமா? கியொஹாருவுக்கு ஞாபகம் மங்குகிறது என்று மருத்துவர் சொல்லி மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து இந்த வகுப்பு.

எட்டுக் கிழங்கட்டைகள் வட்டமாக நின்று, காலை மாற்றி மாற்றி எடுத்து வைத்தபடி, ஆளுக்கொரு எண்ணாகச் சொல்லிக்கொண்டே போகவேண்டும். மூன்றால் வகுபடும் எண் வந்தால் வாயைத் திறக்காமல் கைதட்டவேண்டும். தப்பு செய்தவர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். காலும் மூளையும் சேர்ந்து ஓடினால் மறதி தள்ளிப்போகுமாம். கியொஹாருவின் முறை வரும்போதெல்லாம் மசாயோ முழங்கையால் இடிப்பாள்.

"தப்பு வந்தா சந்தோஷப்படுங்க, மூளை வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்பாள் டீச்சர் மினாமி. சந்தோஷப்படக்கூட மசாயோவுக்குத் தெம்பில்லை.

அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. போன மாதம் பிளாஸ்டிக் குப்பை எடுக்கும் நாளில் அவள் சமையல் குப்பையை வைத்துவிட்டாள். குப்பை வண்டிக்காரர்கள் எடுக்க மறுத்துச் சிவப்புச் சீட்டு ஒட்டிய பை தெருமுனையிலேயே கிடந்தது. பக்கத்து வீட்டம்மா கேட்டபோது, "எல்லாம் இவர் வேலைதான்" என்றாள். மீன் கருகியபோதும் இவர்தான். அவரும் ஒவ்வொரு முறையும் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். யாரும் சந்தேகப்படவில்லை. கேவலம்தான், அவளுக்கே தெரியும். ஆனால் உண்மை தெரிந்தால் சப்போரோவிலிருக்கும் மகள் வந்து இருவரையும் ஆளுக்கொரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவாள். அவள்தான் வேறென்ன செய்வாள், பாவம்.

அன்று கியொஹாரு, யாரும் இடிக்காமலேயே, "இருபத்தாறு" என்றார். கைதட்டவேண்டிய மசாயோ, "இருபத்தேழு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றிலிருந்து தொடங்கினாள். ஒரு சுற்று வந்ததும் "ஒன்பது" என்றாள்.

"என்ன மசாயோ-சான், உங்கள இடிக்க ஆள் இல்லியா?" என்றார் எதிரே நின்ற இசாவோ.

மூன்றாம் முறை அவள் கால் நின்றுவிட்டது. எந்த எண்ணில் இருக்கிறோம் என்பதே தெரியவில்லை. சிரிப்பும் நின்றது.

மினாமி அருகில் வந்தாள். "அடுத்த மாசம் ஞாபகப் பரிசோதனை இருக்கு. உங்க பேரையும் எழுதிக்கட்டுமா?"

"அவள எதுக்கும்மா எழுதுறீங்க?" என்றார் கியொஹாரு. "நான்தான் பக்கத்துல நின்னு இடிச்சிக்கிட்டே இருந்தேன். வீட்லயும் எல்லாத்தையும் நான்தானே கெடுக்கறேன். அவளையே கேளுங்க."

அவர் கை அவள்மேல் படவே இல்லை. இந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் இத்தனை நாள் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். மசாயோ ஆமாம் என்று தலையாட்டினால் போதும், இன்னும் கொஞ்ச நாள் ஓடிவிடும். ஆனால் இனி ஓட அவளால் முடியாது.

"இல்ல டீச்சர், அவர் இடிக்கல" என்றாள். "எழுதிக்கோங்க. எங்க ரெண்டு பேரையும் ஒரே நாள்ல வரச் சொல்லுங்க."