இடப்பக்கத்து நாற்காலி

நகரப் பேருந்தில் முப்பத்தோராண்டு ஓட்டுநராக இருந்த பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்த நாள்முதல் உலகின் இடப்பாதி இல்லாமற்போயிற்று. கண்ணில் பழுதில்லை, மூளைதான் அப்பக்கத்தைச் சட்டை செய்ய மறுத்தது. தட்டில் வலப்பாதியை வழித்துண்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்பார். ஒரு கன்னம் மட்டும் மழித்த முகத்தோடு மிடுக்காக அமர்ந்திருப்பார்.

பயிற்சியளிக்க வந்த பெண் பெரியம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "நீங்க அவருக்கு இடது பக்கமே உக்காருங்கம்மா. அவரா திரும்பிப் பாக்கப் பழகணும். பாவம்னு இந்தப் பக்கம் வந்துடாதீங்க."

பெரியம்மா அப்படியே அமர்ந்தார். அவர் பேசினால், பெரியப்பா வலப்பக்கச் சுவரைப் பார்த்து மறுமொழி சொன்னார். வருவோரிடமெல்லாம், "அவ வரவே இல்ல. குரல் மட்டுந்தான் கேக்குது" என்று குறைப்பட்டுக்கொண்டார். கேட்கும்போதெல்லாம் பெரியம்மாவுக்கு எழுந்து மறுபக்கம் போய்விடலாமா என்றிருக்கும்.

அவரைப் பெரியப்பா முதன்முதலில் கண்டதே பேருந்தின் இடப்பக்கக் கண்ணாடியில்தான். தையற்கூடத்துக்குப் போகும் பெண், சாப்பாட்டு டப்பாவை அணைத்தபடி நிறுத்தத்துக்கு ஓடிவருவார். நேரம் கடந்தும் வண்டி நகராது. பயணிகள் முணுமுணுத்தால், "இன்ஜின் சூடேறட்டும்" என்பார் பெரியப்பா.

நான்காம் வாரம் பழைய நடத்துநர் பார்க்க வந்தார்.

"என்னண்ணே, அண்ணியை ஸ்டாப்புலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

பெரியப்பா வண்டியைப் பின்னோக்கி எடுக்கையில் நடத்துநர் இடப்பக்கம் நின்று தகரத்தில் தட்டுவது வழக்கம். இரண்டு தட்டு என்றால் வரலாம். ஒன்று என்றால் நிற்கவேண்டும். இப்போது கட்டிலின் இடப்பக்கச் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

பெரியப்பாவின் கழுத்து மெல்ல அசைந்தது.

"வாங்க... இன்னும் வாங்க... இடம் இருக்கு..." நடத்துநர் மீண்டும் இரண்டு தட்டினார். தலை இம்மியிம்மியாகத் திரும்பியது. ஒற்றைத் தட்டு. பார்வை பெரியம்மாவின் முகத்தில் வந்து நின்றது.

"எப்ப வந்த?" என்றார் பெரியப்பா.

"இருபத்தாறு நாளாச்சு."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

பெரியம்மா சிரித்து முடிப்பதற்குள் பெரியப்பாவின் முகம் பழையபடி சுவரை நோக்கி நழுவிப் போயிற்று. "எங்க போயிட்டா?" என்று கேட்டார்.

நடத்துநருக்குத் தாளவில்லை. "இந்தப் பக்கமே வந்துடுங்கண்ணி."

"வேண்டாம் தம்பி." பெரியம்மா நாற்காலியைக் கட்டிலோடு நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க தட்டினது உள்ளங்கையாலயா, விரலாலயா? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."