நூற்றிருபதில் நின்ற முள்

கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, மீட்டரின் முள்ளைப் பார்க்கிறார். முதலில் வோல்ட். பிறகு ஆம்பியர். இடது உள்ளங்கையில் வலது விரலால் எதையோ எழுதி அழிக்கிறார். "நானூத்தி எண்பதை நூத்தி இருபதால வகுத்தா நாலு. நாலு ஓம். கம்பி நல்லா இருக்கு. பெருக்கினா அம்பத்தேழாயிரத்து அறுநூறு வாட். சூடும் போதும்." அதற்குப் பிறகுதான் வாசல் பக்கம் திரும்பி, "கொண்டு வரச் சொல்லுங்க" என்பார்.

மின்தகன மேடையின் உலையை ஓட்டுபவர் அவர். வாசல் அறையில் வேலை பார்க்கும் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'வகுத்தல்'. வீட்டிலும் இதே கதைதான். "வாளித் தண்ணி சுடலைன்னாலும் வகுத்துப் பாத்துட்டுத்தான் குளிப்பாரு" என்று அவர் மனைவி என்னிடம் அலுத்துக்கொண்டதுண்டு. இங்கே அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. வருகிற பெட்டி சிறியதாக இருந்தால் இன்னும் மெதுவாக நடப்பார்.

கணக்கு பெரிய விஷயமில்லை. உலைச் சுவரில் ஓடும் கம்பிச் சுருள் சூட்டில் வெந்து நாளாக நாளாக இளைக்கும். இளைத்தால் மின்தடை கூடும், அந்த நாலு ஓம் ஏறும். வோல்ட் அப்படியே இருந்தும் ஆம்பியர் இறங்கும், சூடும் குறையும். கடைசியில் அறுந்தே போகும். உள்ளே ஒருவர் இருக்கும்போது அது அறுந்துவிடக் கூடாது என்ற ஒரே பயத்தில்தான் மனிதர் வேலை பார்க்கிறார்.

போன மாதம் அவருடைய அக்காவின் கணவர் இறந்துபோனார். உடல் வந்து இறங்கியபோது காலி உலை சூடேறிக்கொண்டிருந்தது. ஆம்பியர் முள் தொண்ணூற்றாறில் நின்றது. வகுத்தார். ஐந்து. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வகுத்தார். ஐந்தேதான். மெயினை அணைத்துவிட்டார்.

மேலாளர் ஓடி வந்தார். "இன்னைக்கு இது ஒண்ணை மட்டும் முடிச்சிடலாமே? நாளைக்குக் கம்பியை மாத்திக்குவோம்."

"தாங்காதுங்க."

உலை ஆறினால்தான் சுருளை மாற்ற முடியும். உடலைக் குளிர் அறைக்குக் கொண்டுபோனார்கள். வெளியூரிலிருந்து வந்த உறவுகள் முணுமுணுத்தன. அக்கா எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டார். "யார் யாரையோ வழியனுப்பி வெச்சே. உன் மாமாவுக்கு மட்டும் கணக்கு இடிக்குதாடா?"

"பாதியில நின்னா கதவைத் திறக்கணும்க்கா. அதை நீ பாக்க வேண்டாம்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கே மனசு கேட்கவில்லை. ஒரு நாளைக்குக் கண்டும் காணாமல் ஓட்டினால் என்ன என்றுதான் தோன்றியது. மறுநாள் பழைய சுருளை வெளியே எடுத்தார்கள். ஓரிடத்தில் நூலாக இளைத்திருந்தது. அதை அவர் அக்காவிடம் காட்டவில்லை, ஒரு மூலையில் வைத்துச் சாக்கைப் போட்டு மூடினார்.

புதுச் சுருள் ஏறியது. வோல்ட், ஆம்பியர், உள்ளங்கை. நாலு. வாசல் பக்கம் திரும்பினார். கொண்டு வரும்படி கையை மட்டும் அசைத்தார். மாமா உள்ளே போனார். கதவு மூடியது.

மற்றவர்கள் வெளியேறிய பிறகும் அக்கா நகரவில்லை. முந்தின நாளிலிருந்து தம்பியிடம் பேசாதவர், உலையைப் பார்த்தபடியே, "நிக்காதுல்ல?" என்றார்.

அவர் அக்காவின் கையைப் பிடித்து, சுட்டுவிரலை மீட்டரின் கண்ணாடிமேல், நூற்றிருபதில் அசையாமல் நின்ற முள்ளுக்கு நேராக வைத்தார். பிடித்த கையை விடாமல் பக்கத்திலேயே நின்றார்.