முப்பதாயிரம் கட்டி ஒரு கார்டு

கிரெடிட் கார்டு விற்கிற தொழிலில் பாதிச் சம்பளம் கார்டு வாங்கித் தருவதற்கு, மீதிப் பாதி கார்டு கிடைக்காதவர்களிடம் திட்டு வாங்குவதற்கு.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடை வாசலில் குடை, மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அதுதான் என் ஆபீஸ். தினமும் சித்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து ஒன்பதரைக்கு உட்கார்ந்தால், போகிறவர் வருகிறவரை எல்லாம் மறித்து, கார்டு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பாதிப் பேர் அந்த நிமிஷமே போனைக் காதில் வைத்துக்கொண்டு யாருடனோ பேசுவதுபோல் நடந்துவிடுவார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமே கிடையாது. உட்கார்ந்து மனு போடுகிறவர்களால்தான் தொல்லை.

மனு போட்டவருக்குக் கார்டு இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டால், நாங்கள் உடனே இரண்டாவது காகிதத்தை எடுப்போம். அதற்குப் பெயர் டெபாசிட் கார்டு. இருபதாயிரமோ முப்பதாயிரமோ வங்கியில் டெபாசிட் போட வேண்டும். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதற்குக் கொஞ்சம் குறைவாகச் செலவு செய்யும்படி ஒரு கார்டு தருவார்கள். மாதாமாதம் ஒழுங்காகக் கட்டிவந்தால் ஒரு வருடத்தில் உங்கள் பேருக்கு வங்கிகள் போடுகிற கடன் மார்க், அதாவது ஸ்கோர், ஏறும், அப்புறம் எல்லா வங்கியும் மதிக்கும். இதை நான் விளக்கும்போது ஆட்கள் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே! 'உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது' என்ற மெசேஜை ஒருமுறையாவது வாங்கியவராக இருந்தால், நீங்களும் யாரோ ஒரு மேசைக்காரியை அப்படித்தான் பார்த்திருப்பீர்கள்.

கடனே வாங்காதவர்

ரயில்வே ஸ்டேஷன் எதிரே ஒரு லாட்ஜில் இருபது வருடமாக ரூம் சாவி கொடுக்கிறவர் ஒருவர் வந்தார். ஐம்பது வயது, சலவைச் சட்டை. உட்கார்ந்ததும் தான் இதுவரை யாரிடமும் ஒரு ரூபாய் கடன் வாங்கியதில்லை என்றார். எனக்கு அப்போதே முடிவு தெரிந்துவிட்டது. கடனே வாங்காதவரைப் பற்றி கம்ப்யூட்டருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவரை அது நம்பாது. அரை மணி நேரத்தில் 'இல்லை' என்று வந்தது.

அவர் முகம் சுண்டிப்போனது. கடன் வாங்கி ஏமாற்றியவனுக்கும் இல்லை, வாங்காதவனுக்கும் இல்லையென்றால் பிறகு யாருக்குத்தான் கொடுப்பீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் இரண்டாவது காகிதத்தை எடுத்து, படித்துப் படித்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். சட்டைப் பையிலிருந்த பேனாவைத் திறந்து, மறுபடி மூடி வைத்தார்.

"என் பணத்த நான் உங்க கையில குட்த்துட்டு, அதயே உங்க கிட்ட கடனா வாங்கினு, ஒரு நாள் லேட்டானா அதுக்கு வட்டியும் கட்டணுமா? இதுக்கு இன்னாம்மா பேரு?"

ஏழு வரிசை

சூளூர்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவர் மொட்டை போட்டுக்கொண்டு குடும்பத்தோடு மலையிலிருந்து இறங்கி வந்தார். தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. கடைக்குச் சரக்கெடுக்க ஒரு கார்டு வேண்டும் என்றார். அவர் பேரைப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரே வாரத்தில் ஏழு வங்கிகளில் மனு போட்டிருந்தார். ஏழும் போச்சு.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றேன். அவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. மலைமேல் ரூம் எடுக்கவும் லட்டு வாங்கவும் அவர்கள் வீட்டில் ஆளுக்கொரு வரிசையில் போய் நிற்பார்களாம். எது முதலில் நகர்கிறதோ அங்கிருந்து போன் வரும், மற்றவர்கள் விட்டுவிட்டு ஓடிவருவார்கள். வங்கிக்கும் அதே கணக்கைப் போட்டிருக்கிறார்.

அங்கே விட்டுவிட்டு வந்த வரிசையை யாரும் குறித்து வைப்பதில்லை, இங்கே ஒவ்வொரு மனுவும் உங்கள் பேரில் ஏறிவிடும், ஏழு இடத்தில் கேட்டவர் என்றால் எட்டாவது வங்கி பயப்படும் என்று விளக்கினேன். இனி ஆறு மாதம் எங்கேயும் கேட்காதீர்கள், டெபாசிட் கார்டு ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

"திருப்பதில குந்திகினு, ஒரே லைன்ல நில்லுன்னு சொல்ற ஒரே ஆளு நீதாம்மா."

பீரோவில் இருந்த கார்டு

சுகந்தி டீச்சர் எங்கள் சபைக்காரர். சித்தூரில் மிஷன் பள்ளியில் கணக்கு எடுக்கிறார். அவர் போட்ட மனுவும் நிராகரிக்கப்பட்டது. ஆராதனை முடிந்து செருப்பு போடுகிற இடத்திலேயே அவருக்கு டெபாசிட் கார்டைப் பற்றிச் சொன்னேன். இருபதாயிரம் கட்டினார். நான் அந்த மாதம் சந்தோஷமாக இருந்தேன். கேள்வி கேட்காமல் கட்டிய ஒரே ஆள் அவர்தான்.

ஒரு வருடம் கழித்து மேசைக்கே வந்து நின்றார். ஸ்கோர் ஏறவில்லை. கார்டு எங்கே டீச்சர் என்றேன். பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கவரை எடுத்தார். அதற்குள் டெபாசிட் ரசீது, அதற்குள் கார்டு, ஒட்டிய ஸ்டிக்கர்கூடப் பிரிக்காமல். பன்னிரண்டு மாதம் பீரோவில் பைபிளுக்கும் பட்டுப்புடவைக்கும் நடுவில் இருந்திருக்கிறது. செலவு செய்து திருப்பிக் கட்டினால்தான் ஏறும் டீச்சர், மாதம் ஒரு பால் பாக்கெட்டாவது அதில் வாங்கியிருக்கலாமே என்றேன். பாவம், அவரிடம் கத்த முடியாமல் மேசைமேல் இருந்த பேனாவைத் தூக்கிப் பெட்டிக்குள் எறிந்தேன். டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை.

"ஒரு வருஷமா கைல வெச்சிகினு ஒரு ரூபா கூட எடுக்காதவள நம்ப மாட்டாங்கன்னா, இந்த பேங்குக்கு எப்டிப்பட்ட ஆளுதான் வேணும் எஸ்தரு?"

மாசக் கடைசி

இனி எங்கள் பக்கத்து லட்சணத்தைச் சொல்கிறேன். துணிக்கடை வாசலில் மூன்று குடை, மூன்று மேசை, மூன்று வங்கி. அடுத்த குடையில் இருக்கிறவன் முனிரத்தினம். வேறு வங்கிக்கு ஆள் பிடிக்கிறவன். நாள் பூரா வாடிக்கையாளரை ஒருவரிடமிருந்து ஒருவர் பிடுங்குவோம். மத்தியானம் ஒரே டப்பாவில் துன்னுவோம்.

எங்களுக்குக் கணக்கு என்பது எத்தனை கார்டு கிடைத்தது என்பதில்லை, எத்தனை மனு உள்ளே போனது என்பதுதான். மாசக் கடைசி வந்தால் மேனேஜர் போன் போடுவார். "டார்கெட் பூர்த்தி காலேதம்மா" என்று தெலுங்கில் ஆரம்பித்தால் அன்றைக்கு ஒன்று இரண்டு குறைகிறது என்று அர்த்தம். குறைந்தால் முனிரத்தினம் பேரில் எங்கள் வங்கியில் ஒரு மனு போடுவேன். அவனுக்குக் குறைந்தால் என் பேர் அவன் வங்கியில். பெட்ரோல் பங்க் மேசைக்காரிக்கு ஒன்று, பழ மார்க்கெட் மேசைக்காரனுக்கு ஒன்று. கமிஷன் வேலைக்காரர்களுக்குக் கார்டு வராது என்று தெரிந்தேதான் போடுவோம். சூளூர்பேட்டைக்காரருக்கு நான் வகுப்பு எடுத்தேனே, அதற்கு முந்தின நாள்கூட ஒன்று போட்டேன். உனக்குக் கொஞ்சமாவது பயமில்லையா என்று ஒருமுறை முனிரத்தினத்தைக் கேட்டேன்.

"நம்ம பேர நம்மளே எழுதிக்கறோம், இதுல இன்னா போச்சுக்கா? காயிதம் நம்மள துன்னுடுமா?"

லோன் ஆபீஸில் அனுதாபம்

சித்தூருக்கு வெளியே எங்களுக்கு இரண்டு சென்ட் மனை இருக்கிறது. என் வீட்டுக்காரர் தயாளன் திருமலைக்கு ஜீப் ஓட்டிச் சேர்த்த காசு அது. பக்கத்து மனைக்காரர் எங்கள் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் செங்கல் அடுக்க ஆரம்பித்திருந்தார். இன்றைக்குச் செங்கல், நாளைக்குச் சுவர். சீக்கிரம் கட்டாவிட்டால் இரண்டு சென்ட் ஒன்றே முக்கால் ஆகிவிடும். கையில் பேஸ்மட்டம் போட முப்பதாயிரம் இருந்தது. சுவருக்கும் கூரைக்கும் லோன் வேண்டும்.

லோன் ஆபீஸில் ஏதாவது கடன் வாங்கிக் கட்டிய பழக்கம் காட்டுங்கள் என்றார்கள். நம்ம வங்கிதானே, நமக்கு மட்டும் தராமலா போகும் என்று எங்கள் வங்கியிலேயே கார்டுக்குப் போட்டேன், இந்தமுறை நிஜமாகவே. நாலு நிமிஷத்தில் நிராகரிப்பு. என் போனில் அந்த மெசேஜைப் பார்த்தபோது வந்த எரிச்சலில் எதிரே நின்ற வாடிக்கையாளரைக் கவனிக்கவே இல்லை. மறுபடி லோன் ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்த சின்ன வயதுக் கிளார்க் என் பேரைத் தட்டிப் பார்த்தாள். ஒன்றரை வருடத்தில் பதினோரு மனு. ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக்கூடக் காட்டினாள். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னாள்.

"இத்தன எடத்துல போய்க் கேட்டுகினு இருந்துக்கிறீங்களே மேடம், ஊட்ல எதனா பெரிய கஷ்டமா?"

வீட்டுக்காரர் கேட்டது

கிளார்க்கே வழியும் சொன்னாள். டெபாசிட் கார்டு ஒன்று எடுத்து, ஒரு வருடம் சுத்தமாகக் கட்டிவிட்டு, வேறு எங்கேயும் மனு போடாமல் வாருங்கள், பார்க்கலாம். எனக்கே சொல்கிறாள். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. வீட்டுக்கு வந்து தயாளனிடம் சொன்னேன். முப்பதாயிரத்தை டெபாசிட்டில் போட்டால் பேஸ்மட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும், செங்கல்காரர் இன்னும் அரை அடி உள்ளே வருவார். பேஸ்மட்டம் போட்டுவிட்டால் எல்லை பிழைக்கும், லோன் கிடைக்காது, வீடு வராது. காகிதத்தில் இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன், எந்தப் பக்கமும் சரியாக வரவில்லை. பதினோரு மனுவைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அவர் அதைப் பற்றித் திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

"நம்ம பணத்த குட்த்து, நம்மள நல்லவங்கன்னு எழுதி வாங்கணும். நீ இத எப்டி எஸ்தரு நாள் பூரா வித்துகினு இருக்கற?"

எதிர் நாற்காலி

நாலு நாள் யோசித்தேன். கடைசியில் பேஸ்மட்டம்மேல் படுத்துத் தூங்க முடியாது என்பது ஒன்றுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தயாளன் நாலு கல்தூண் வாங்கி வந்து எல்லையில் நட்டார், இரண்டு சுற்றுக் கம்பி கட்டினார். பக்கத்து மனைக்காரர் முனகிக்கொண்டே செங்கல்லை ஒரு அடி தள்ளி அடுக்கினார். இது ஒரு வருடம் தாங்குமா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. திங்கட்கிழமை என் மேசையை விட்டுவிட்டு முனிரத்தினத்தின் எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். எங்கள் வங்கி டெபாசிட் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு, அவன் வங்கியில் கிடையாது. இதை நான் எந்த வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை.

அவன் என்னிடமும் முழுப்பாடத்தையும் ஒப்பித்தான். எனக்கு அது மனப்பாடம், நிறுத்து என்றேன், நிறுத்தவில்லை. தாமதமாகக் கட்டினால் எவ்வளவு வட்டி என்கிற இடத்தில் மட்டும் வேகமாகப் படித்தான். நானும் அந்த இடத்தில் வேகமாகத்தான் படிப்பேன். மெதுவாகப் படி என்று சொல்லி இரண்டு முறை படிக்க வைத்தேன். பிறகு முப்பதாயிரத்தையும் அவன் வங்கிக் கவுண்டரில் கட்டிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டேன். அவன் காகிதத்தை வாங்கி, காலண்டரைப் பார்த்தான், அன்றைக்குத் தேதி முப்பது.

"எஸ்தரக்கா, என் கிட்ட நீ உனக்காகப் போட்டது இது ஒண்ணுதான். இதயும் என் மாசக் கணக்குல ஏத்திக்கட்டுமா, எனக்கு ஒண்ணு கொறயுது."

பதினோரு முறை என்னை நம்பாத கூட்டத்தில் ஒரு வங்கி கடைசியாக என்னை நம்பிவிட்டது. பதிலுக்கு நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம், அதை முதலில் முப்பதாயிரம் ரூபாய்க்கு நம்புவதுதான்.