அம்மா தூக்கிய கை

அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், குடியுரிமை இல்லாததால் யாருக்கும் ஓட்டுக் கிடையாது. தேர்தல் நாளில் உக்குவளைச் சந்தியில் சிங்கள ஆட்கள் வெள்ளை உடுத்தி வரிசையில் நிற்பதை அப்பா வேடிக்கை பார்த்துவிட்டு வருவார். அந்த ஏக்கத்தை அவர் வீட்டில் தீர்த்துக்கொண்டார். கோழியை அடிப்பதா வளர்ப்பதா, மாத்தளைத் தேருக்கு நடப்பதா பஸ்ஸில் போவதா, எல்லாவற்றுக்கும் கை தூக்க வேண்டும். அப்பா, அம்மா, சித்தப்பா மூவருக்கும் ஓட்டு. எனக்கு வயது பத்து என்பதால் எண்ணுகிற உத்தியோகம் மட்டும். தோட்டத்துத் துரை உத்தியோகமே கிடைத்த மாதிரி எனக்கு அதில் ஒரே பெருமை.

தமிழர்களை அடித்து விரட்டிய எழுபத்தேழு கலவரம் ஓய்ந்திருந்த சமயம் அது. பக்கத்துத் தோட்டத்தில் லயங்கள் எரிந்திருந்தன. இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி எங்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்து டிரங்குப் பெட்டியில் கிடந்தது. போவதா இருப்பதா என்று முடிவாகவில்லை.

அம்மாவுக்கு இந்தியா போக வேண்டும். அவளைப் பெற்றவர்கள் முந்தின வருடமே ஒப்பாரிக் கோச்சியில் போய்விட்டார்கள். போகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் அழுகிற அழுகையால் அந்த ரயிலுக்கு அப்படிப் பெயர். சித்தப்பாவுக்கு வவுனியா. காட்டை வெட்டினால் சொந்தமாக ஒரு துண்டு நிலம், சுற்றிலும் நம்முடைய ஆட்கள் என்பார். அப்பா தன் கையால் நட்ட கொக்கோ மரங்களை விட்டு அசையமாட்டார். எனக்கும் இங்கேயே இருக்க வேண்டும். வெரளுக்காய் அச்சாற்றில் பாதி தருகிற சிநேகிதி வவுனியாவிலோ இந்தியாவிலோ கிடைப்பாளா?

ஆசை ஒருபக்கம் இருக்க, ஆளுக்கொரு பிடிவாதமும் இருந்தது. கடல் மட்டும் தாண்டமாட்டேன் என்பது அப்பா. மலேரியாக் காட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுபோகமாட்டேன் என்பது அம்மா. எங்கேயானாலும் சரி, இந்த லயத்தில் மட்டும் வேண்டாம் என்பது சித்தப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எல்லோரையும் உட்காரவைத்தார்.

"போறதா இருந்தா எங்க போறதுன்னு மொதல்ல பாப்போம். அப்பறம் போறதா இருக்கிறதான்னு பாப்போம். சரிதானே?"

நியாயமாகத்தான் பட்டது. வவுனியாவுக்கு அப்பாவும் சித்தப்பாவும் கை தூக்கினார்கள். இந்தியாவுக்கு அம்மா மட்டும். அடுத்து, வவுனியாவா, இந்த லயமா? லயத்துக்கு அப்பாவின் கை எழுந்தது. கொஞ்சம் பொறுத்து அம்மாவின் கையும் எழுந்தது.

"ரெண்டு!" என்று கூவினேன்.

"என்னாண்ணே இது, அடிவாங்குன எடத்துலயே குந்தியிருக்கிறதா?" என்று சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார்.

நான் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "ஒனக்கும் இங்கதானம்மா புடிச்சிருக்கு?"

"அதான் கை தூக்கினேன்ல புள்ள" என்று அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

நான் கணக்கு டீச்சரான பிறகு, ஒருநாள் கரும்பலகையில் அந்த மூன்று பேரின் விருப்பங்களையும் எழுதிப் பார்த்தேன். அப்பா சூதுவாது தெரியாத மனிதர்தான். ஆனால் இந்த நாட்டிலேயே இருப்பதானால் எங்கே என்று முதலில் கேட்டிருந்தால், லயம் வவுனியாவை வென்றிருக்கும். பிறகு லயமா இந்தியாவா என்று கேட்டால், சித்தப்பாவின் கை அம்மாவோடு சேர்ந்திருக்கும். அதே மூன்று பேர், அதே ஆசைகள். கடைசியாக எதைச் சேர்த்துக் கேட்கிறோமோ அதுதான் ஜெயிக்கும். அம்மா தன் அம்மாவைப் பார்த்திருப்பாள். அவள் கடைசிவரை பார்க்கவில்லை.

அந்த ஓட்டுக்குப் பிறகு, உக்குவளையில் கோச்சி கூவும்போதெல்லாம் அம்மா அரிசி களைவதை நிறுத்திவிட்டு, சத்தம் தேய்ந்து மறையும்வரை அப்படியே நிற்பாள். எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. அம்மா நேரம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.