உலைக்குப் போன ஒன்பது ரோமக் காசுகள்

மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வைத்தவன் நான். திருமங்கலம் ரோட்டில் தலைச்சுமையாகப் பழைய செம்பு, பித்தளை வாங்கி விற்றவன், மதுரையில் சொந்த மண்டி போட்டேன். பாத்திரக்கடை வைத்தேன். வில்லாபுரத்தில் ஓட்டுவீடு கட்டினேன். மூன்று தங்கைகளைக் கரையேற்றினேன். ஒரு பயல் கைகொடுக்கவில்லை. இதெல்லாம் ஊருக்குத் தெரியும். நான் ரோமாபுரிக் காசு சேர்த்த கதைதான் தெரியாது.

வைகையில் வெள்ளம் வடிந்ததும் மணலைச் சலித்து, விழுந்த தோடு, மோதிரம் தேடுகிற ஆட்கள் உண்டு. சல்லடையில் தங்குகிற செப்புக்காசை எடைக்கு என் மண்டியில் போடுவார்கள். துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு பக்கம் மூக்கு நீண்ட ராஜா, மறுபக்கம் ஈட்டி பிடித்த சிப்பாய்கள். மிஷன் காலேஜ் வாத்தியார் ஒருவர் பார்த்துவிட்டு, ரோம ராஜாக்கள் காலத்துக் காசு என்றார். அவர் சந்தோஷப்படட்டும் என்று முதல் குவியலைப் புளியும் செங்கல்பொடியும் போட்டுப் பளபளவென்று விளக்கிக் கொடுத்தேன். பாத்திரக்காரன் புத்தி! ராஜா முகமெல்லாம் வழுக்கையாகிவிட்டது. மனுஷர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் பச்சைக் களிம்போடேயே சேர்த்தேன். இரண்டு வருஷத்தில், விரலால் மூக்கைத் தடவியே எந்த ராஜா என்று சொல்லிவிடுவேன். அதில் ஒன்பது காசு என் கண்ணை உறுத்தியது. ஒன்பதிலும் ராஜாவின் காதுக்குக் கீழே ஒரே கீறல். வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஐயா, இம்புட்டும் ஒரே அச்சுல அடிச்சது. சுத்தி இருக்கிறது எழுத்தே இல்லை. எழுதத் தெரியாதவன் பார்த்து வரைஞ்சது. நான் கையெழுத்துப் பழகினப்ப இப்படித்தான் இருந்துச்சு. ரோமாபுரிக்காரன் தன் எழுத்தையே இப்படிக் கோணலா போடுவானா? இது நம்ம ஊர்ப் பக்கத்து ஆள் அடிச்சது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை எழுதுறேன்யா. உம்ம பேரும் அச்சுல வரும். நாளைக்கு மத்தியான ரயில்ல மதராஸ் போறேன், ஒன்பதும் வேணும். காசைக் காட்டாம அங்க ஒருத்தனும் நம்ப மாட்டான்."

என் பேர் அச்சில்! அன்று ராத்திரியே ஒன்பதையும் மண்டியில் ஒரு கொட்டாங்கச்சியில் தனியாக எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலை மண்டிக்குப் போனால் காசு வைத்திருந்த கொட்டாங்கச்சி காலியாகக் கிடக்கிறது. மச்சினன்தான் கல்லாவில் இருந்தான்.

"எங்க மாப்ள காசு?"

"களிம்பு ஏறின சில்லறைதானே மச்சான்? உலைக்குப் போற மூட்டையில மேலாப்புல கொட்டிட்டேன். வண்டி போயி ஒரு மணி நேரமாச்சு."

சைக்கிளை எடுத்தேன். பாத்திரப் பட்டறைக்குள் நுழையும்போதே துருத்தி ஊதுகிற சத்தம். செம்பு உருக்குகிற மண்குவளை உலையில் உட்கார்ந்திருக்கிறது.

"நிறுத்துண்ணே! என் காசு உள்ள கிடக்கு!"

பட்டறைக்காரர் திரும்பியே பார்க்கவில்லை. "சூடம் காட்டியாச்சு. உலைக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுத்தா பட்டறை விளங்காது."

எட்டிப் பார்த்தேன். அடியில் செம்பு இளகத் தொடங்கியிருந்தது. காசுகள் மேலே, இன்னும் கறுப்பாகத்தான் கிடந்தன.

"வேற செம்பு போட்டா?"

"துண்டு துக்கடா ஆகாது. அடிச்சு முடிச்ச பாத்திரமாப் போடு, எடுத்துக்க."

மூலையில் என் குடம் இருந்தது. மறுநாள் புதுவீட்டுக்குக் குடிபோகையில் என் சம்சாரம் தண்ணீர் நிறைத்துத் தூக்கிவர, நானே அளவு சொல்லி அடிக்கச் சொன்ன செப்புக்குடம்.

"அதையே போடுண்ணே."

பின்னாலேயே ஓடிவந்த மச்சினன் அலறினான். "மச்சான், கிறுக்கா பிடிச்சிருக்கு? அக்கா எதைத் தூக்கிக்கிட்டுக் குடிபோவா?"

"மண்குடத்தைத் தூக்கட்டும்டா!"

சம்மட்டியை வாங்கி நானே குடத்தை நசுக்கினேன். பட்டறைக்காரர் நீளக் குறடு ஒன்றை என் கையில் கொடுத்தார். துருத்தி நின்றது. அனல் புருவத்தைப் பொசுக்கியது. ஒன்று, இரண்டு என்று எடுத்துச் சாம்பலில் போட்டேன். எட்டு வந்துவிட்டது. ஒன்பதாவது குறட்டில் சிக்கவில்லை. என் கண்ணெதிரே சரிந்து, சிவந்து, செம்போடு செம்பாகப் போய்விட்டது.

சூடு ஆறுமுன்னே துண்டில் முடிந்துகொண்டு ஸ்டேஷனுக்கு மிதித்தேன். கார்டு கொடியைத் தூக்கிவிட்டான். வாத்தியார் ஜன்னல் வழியே கழுத்தை நீட்டித் தேடிக்கொண்டிருந்தார். "எட்டுத்தான் ஐயா!" என்று ஓடிக்கொண்டே கொடுத்தேன். முடிச்சைத் தொட்டவர் கையை உதறினார், அப்படிச் சூடு.

வாத்தியார் எழுதின புத்தகம் வந்தது. என் மூன்றாம் வகுப்புக்கு அந்த நடை எட்டவில்லை; நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்து இரண்டு தரம் படிக்கச் சொன்னேன். 'காசுகள் வைகை மணலில் கிடைத்தன. எழுத்தின் கோணலையும் அச்சின் கீறலையும் யான் கவனித்தேன்' என்று இருந்தது. அந்த 'யான்' வாத்தியார்தான்; என்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

வாத்தியார் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்லி ஆகப்போவதில்லை. புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அடிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த 'யான்' என்பதை எடுத்துவிட்டு, மதுரைப் பழைய செம்பு வியாபாரி கண்டு சொன்னது என்று போடுங்கள். உலையிலிருந்து எடுத்துக் கொடுத்தவனும் அவனே என்று அதற்குக் கீழே போடுங்கள். பேர் வேண்டுமென்றால் ஆள் அனுப்புங்கள், நேரில் வந்து சொல்கிறேன்.