உண்டியலைச் சுற்றிப் போனவர்கள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது. வாய் மட்டும் ஓயாது என்பதால், காட்டுப்பாக்கம் பக்கத்து டூரிங் டாக்கீஸில் என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். ரிக்‌ஷாவில் ஊர் சுற்றி என்ன படம் என்று கத்துவேன். இடைவேளையில் போகிறவர் வருகிறவரையெல்லாம் கிண்டலடிப்பேன்.

பக்கத்து வீட்டுக்காரர் அம்பத்தூர் கம்பெனி ஒன்றில் ஃபிட்டர். அவருடைய ஒரே மகள் ரத்தப் புற்றுநோயில் இறந்து சில மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகளுக்கு இந்த நோய் ஏன் வருகிறது என்று ஆராய்வதற்காகப் பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்று நன்கொடை சேர்த்தது. அவர் அங்கிருந்து ஒரு தகர உண்டியலை வாங்கிவந்து, எங்கள் கொட்டகையில் நிற்க அனுமதி கேட்டார்.

கொட்டகை முதலாளி நல்லவர்தான். நல்ல காரியத்துக்கும் பொய் சொல்லச் சொன்னார், எனக்குக் கோபமே அதில்தான்.

"நில்லுப்பா. ஆனா அந்த நோவு பேர எடுக்காத. அம்மன் கோயில் கூழுக்குன்னு சொல்லு, துட்டு கொட்டும். அப்பால எங்க வேணா குட்த்துக்கோ."

"எம் பொண்ணு கூழு இல்லாமயா செத்துச்சு மொதலாளி?" என்றார் ஃபிட்டர்.

முதலாளி வெற்றிலையைத் துப்ப எழுந்து போனார். ஆனால் தடுக்கவில்லை.

அன்று இடைவேளையில் உள்ளதை உள்ளபடி மைக்கில் சொன்னேன். புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்ததும் கூட்டம் உண்டியலை விட்டு ஒதுங்கிச் சுற்றி வளைந்து போனது. "செத்த புள்ளைக்கு இன்னாத்துக்கு வசூலு?" என்றது சோடாக் கடைப் பக்கம் ஒரு குரல். ஒருவன் எட்ட நின்றே காசை வீசினான். அது மணலில் விழுந்தது. ஃபிட்டர் குனிந்து தேடினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தோ, பச்ச சட்ட மாமே! ஒரே பீடிய நாலு பேரு இஸ்துகினு கீறீங்க, அதுல நோவு ஒட்டாது. தகர டப்பா மட்டும் கடிச்சிருமா? முறுக்குத் தட்டுல ஈ பரேடு நடத்துது, அத்த மட்டும் நக்கி நக்கித் துன்றியே!"

கொட்டகையே சிரித்தது. சிரித்த வாயோடு இரண்டு பேர் சட்டைப் பையில் கைவிட்டபடி வந்தார்கள். ஃபிட்டர் என் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"வாணாம் நைனா. சிரிச்சிகினு போடற காசு வாணாம்."

பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

"எம் பொண்ணுக்கு ஏன் வந்துச்சுன்னு டாக்டர கேட்டேன். தெரியலன்னாரு. நாளிக்கி இன்னொரு அப்பன் கேக்கசொல்ல அவுரு பதில் சொல்லணும். அதுக்குத்தான் நிக்கிறேன்."

பெண்கள் பக்கத்தில் இடுப்புக் குழந்தையோடு ஒருத்தி எழுந்தாள்.

"அண்ணே, அது ஒட்டுமா?"

"ஒட்டாதும்மா. கடசி வரிக்கும் எம்மேலதான் படுத்துத் தூங்கிச்சு."

அவள் வந்தாள். காசைக் குழந்தையின் கையில் கொடுத்து உண்டியலில் போட வைத்தாள். குழந்தை தகரத்தைத் தட்டிப் பார்த்துச் சிரித்தது.

அப்புறம் சிலர் வந்தார்கள். பலர் பீடியை மிதித்து அணைத்துவிட்டுப் படம் பார்க்க உட்கார்ந்தார்கள். அத்தனை மாதமாக எங்கள் தெருக்காரர்கள் அவர் வீட்டுத் தண்ணீரைத் தொடவில்லை. அவர் மனைவியின் குடத்துக்குப் பக்கத்தில் தங்கள் குடத்தை வைக்கவில்லை. ஊர்க்கதை பேச அத்தனை வாய் இருந்தது. 'அது ஒட்டுமா' என்ற இரண்டு வார்த்தையை நேரே அவரிடம் கேட்க ஒரு வாய் இல்லை.